சிறப்புப் பயிற்சி மையத்தில் பணம் கட்டும் முன் ஆசிரியரின் பதிவு எண்ணைக் கேளுங்கள்

பையனுக்குப் பத்து வயது. அரசு உதவி பெறும் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. கதை சொன்னால் வரி விடாமல் திருப்பிச் சொல்வான். அதையே படிக்கக் கொடுத்தால் எழுத்துக்கு எழுத்து தட்டுத் தடுமாறுவான். சோம்பேறி என்று நானே திட்டியிருக்கிறேன். டிஸ்லெக்சியா என்ற கற்றல் குறைபாடாக இருக்கலாம் என்று வகுப்பு ஆசிரியை சொன்னதும், பலகையைப் பார்த்து ஒரு தனியார் பயிற்சி மையத்துக்கு ஓடினேன்.

அரை மணி நேரம் அவனிடம் பேசிவிட்டு எட்டுப் பக்க அறிக்கை கொடுத்தார்கள். ஆறு மாதத்துக்கு 42,000 ரூபாய், மொத்தமும் முன்கூட்டியே. "பத்தாவது பரீட்சைக்கு எழுதித் தர ஆள், கூடுதலா ஒரு மணி நேரம், மொழிப்பாட விலக்கு எல்லாமே எங்க சர்டிபிகேட்லயே வாங்கிடலாம் மேடம்" என்றார் நடத்துபவர். வளையலை அடகு வைத்துக் கட்டினேன்.

இரண்டு மாதம் வாசலோடு விட்டுவிட்டு வந்தேன். பெற்றோர் உள்ளே இருந்தால் பிள்ளைக்குக் கவனம் சிதறுமாம். ஒருநாள் நல்ல மழை, உள்ளே உட்கார விட்டார்கள். எட்டுப் பிள்ளைகள், ஒரே ஆசிரியை. பேச்சு வராத சிறுமி, காது கேளாத பையன், என் மகன், எல்லோருக்கும் அதே நான்கு கோடு நோட்டு. இவன் ஆங்கில 'b'யையும் 'd'யையும் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்தான். மாற்றி எழுதினால் இன்னொரு பக்கம். இதைத்தானே நானும் வீட்டில் செய்து தோற்றேன்!

அந்தப் பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தேன். பி.காம். படித்துவிட்டு மூன்று நாள் பயிற்சி எடுத்தவர். அவர்மேல் எனக்குக் கோபமில்லை, அவருக்குக் கிடைக்கும் சம்பளம் அப்படி.

அப்புறம்தான் விசாரித்தேன். சிறப்புக் கல்வி ஆசிரியராக வேலை பார்க்க இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு வேண்டும். 1992ஆம் ஆண்டுச் சட்டம். பதிவில்லாமல் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். (ஆயிரம்! என்னிடம் வாங்கியதில் நாற்பதில் ஒரு பங்குகூட வராது.) பதிவானவருக்கு சி.ஆர்.ஆர். எண் (மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் அவருடைய எண்) என்று ஒன்று உண்டு. சேர்க்கும் முன் அதை வாங்கி, கவுன்சிலின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். நான் கேட்டபோது, "அப்ளை பண்ணியிருக்கோம்" என்றார்கள்.

அறிக்கையைப் பள்ளிக்கு எடுத்துப் போனேன். தலைமையாசிரியை ஒரு பக்கம் புரட்டிவிட்டு மேசையில் திருப்பித் தள்ளினார். கற்றல் குறைபாடு, 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் சொல்லும் 21 வகைகளில் ஒன்று. அதற்கான சான்றிதழ் அரசு மருத்துவமனையில் வாங்க வேண்டியது. தேர்வுச் சலுகைக்கான விண்ணப்பமும் பள்ளி வழியாகத்தான் அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்குப் போகும். தனியார் மையத்துக்கு இதில் வேலையே இல்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்கப் போனபோது ரசீதை முதல்முறையாக ஒழுங்காகப் படித்தேன். 'ஆளுமை வளர்ச்சிப் பயிற்சி' என்று போட்டிருந்தது. எல்லாம் தெரிந்துதான் செய்திருக்கிறார்கள். நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். நாம் கொடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும் என்றால் அங்கே கட்டணம் கிடையாது.

அரசுக் கல்வித் துறையின் வட்டார வள மையம் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பஸ் ஸ்டாப். தலைமையாசிரியை சொல்லித்தான் தெரியும். அங்கே சிறப்புப் பயிற்றுநர் இருக்கிறார், காசு வாங்குவதில்லை. சூடு பட்டவள் என்பதால் பதிவு எண் கேட்க வாயெடுத்தேன். கேட்பதற்குள் அவரே டிராயரைத் திறந்து சான்றிதழை எடுத்து வைத்தார்.