சேலம் நெட்டும் ஏற்காடு வைஃபையும்

சிங்கப்பூரிலிருந்து சேலம் போகிறவர்களுக்கு இப்போது நெட் ஒரு கவலையே இல்லை. அஸ்தம்பட்டியில் சித்தப்பா வீட்டிலேயே 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இருக்கிறது. ஆனால் கனெக்‌ஷன் கொடுத்தவர்மேல் சித்தப்பாவுக்குத் தீராத கோபம். "நூறுன்னு சொல்லித்தான் மாசாமாசம் காசு வாங்குறான். டவுன்லோடு போட்டா பதினொண்ணைத் தாண்டமாட்டேங்குது பாரு" என்று திரையைக் காட்டினார். நொடிக்கு 11.3 எம்பி.

பாவம், அந்த ஆள் ஒரு பைசா ஏமாற்றவில்லை. நெட் கம்பெனிகள் வேகத்தைப் பிட்டில் சொல்கின்றன. எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு இத்தனை மெகாபிட். டவுன்லோடு ஆகும்போது கம்ப்யூட்டர் பைட்டில் காட்டுகிறது, அங்கே எம்பி என்றால் மெகாபைட். 8 பிட் சேர்ந்தால் 1 பைட். 100-ஐ 8-ஆல் வகுத்தால் 12.5. தகவல் சின்னச் சின்னப் பொட்டலங்களாகத்தான் வரும். ஒவ்வொன்றிலும் முகவரி, சரிபார்ப்பு என்று ஒட்டுவதிலேயே சுமார் 5 சதவீதம் போய்விடும். மீதி 11.9. அப்புறம் விண்டோஸ் ஒரு எம்பியை 10 லட்சம் பைட்டாக எண்ணாது. 1024-ஐ 1024-ஆல் பெருக்கி 10,48,576 என்று எண்ணும். அந்தக் கணக்கில் 11.3. சொன்ன வேகம் சொன்னபடி வந்துகொண்டிருக்கிறது. காகிதத்தில் போட்டுக் காட்டினேன். சித்தப்பா பார்த்துவிட்டு, "அப்ப பன்னெண்டரைன்னு போடவேண்டியதுதானே" என்றார். நியாயமான கேள்விதான். மாடியில் வைஃபை பாதிகூட எட்டாததற்கு மட்டும் கான்கிரீட்டைத்தான் திட்டவேண்டும்.

ஏற்காட்டில் கதை வேறு. 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, காபித் தோட்டத்துக்குள் ஒரு ஹோம்ஸ்டே. '50 எம்பிபிஎஸ் வைஃபை' என்று வாசலிலேயே பலகை. ஸ்பீட் டெஸ்ட்டில் டவுன்லோடு 48 காட்டியது, குறையே இல்லை. அப்லோடு வெறும் 5. நான் ஆபீஸுக்கு அனுப்பவேண்டியது 2 ஜிபி வீடியோ. நொடிக்கு 0.625 எம்பி வீதம் 2000 எம்பி ஏற 3200 நொடி, அதாவது 53 நிமிடம். அதுவும் நடுவில் கரண்ட் போகாமல் இருந்தால். போனது. உரிமையாளர் நல்ல மனிதர், "இதுவரைக்கும் யாரும் மேல ஏத்துற ஸ்பீடைக் கேட்டதில்லைங்க சார்" என்று உண்மையாகவே ஆச்சரியப்பட்டார்.

மலையில் தங்கி வேலை பார்க்க நினைக்கிறவர்கள் அறை பிடிக்கும் முன்பே, அப்லோடு எண்ணும் தெரிகிற மாதிரி ஸ்பீட் டெஸ்ட் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். சுடுதண்ணீர் எத்தனை மணி வரை என்றும் சேர்த்தே கேட்டுவிடுங்கள். எங்களுக்கு எட்டரைக்கே நின்றுவிட்டது.