கேமரா பெட்டியின் தடுப்பை மாற்றக் கொடுக்கிறீர்களா? 4,800 ரூபாயை விட்டவன் சொல்கிறேன்

நேற்று மேலூரில் ஒரு கல்யாணம். மாலை மாற்றும் நேரத்துக்குப் பெட்டியைத் திறக்கிறேன், 70-200 லென்ஸ் ஃபிளாஷ் மேல் ஏறிக் கிடக்கிறது. நடுவில் நிற்க வேண்டிய தடுப்பு கழன்று மூலையில் மடங்கியிருக்கிறது. ஃபில்டரில் குறுக்கே விரிசல், ஃபிளாஷின் அடிக்கால் உடைந்து தொங்குகிறது. அந்தத் தடுப்புகளுக்கு நான் அழுதது 4,800 ரூபாய். வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை.

நடந்ததைச் சொல்லிவிட்டு, கடைசியில் என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று ஒரு பட்டியலே போடுகிறேன். கடைப் பெயர் வேண்டாம். பை, சீட் கவர் தைக்கிற கடை, வீடியோ போடும் செயலியில் பக்கம் வைத்திருக்கிறார்கள். அவ்வளவுதான் சொல்வேன்.

என்னுடையது பெலிக்கன் 1510 என்கிற கெட்டிப் பெட்டி. உள்ளே 19.75 அங்குல நீளம், 11 அங்குல அகலம், மூடியோடு சேர்த்து 7.6 அங்குல ஆழம். 70-200 கிட்டத்தட்ட 8 அங்குலம், அதனால் படுக்கத்தான் வைக்க வேண்டும். எடை ஒன்றரைக் கிலோ. (பழைய லென்ஸ்தான், அடாப்டர் போட்டு ஓட்டுகிறேன்.) உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவுக்கு மாறிய பிறகு கேமரா பாடி ஒல்லியாகி, பழைய அறைகளில் எல்லாம் லொடலொடவென்று ஆடின. ஆடியில் முகூர்த்தம் இல்லையே, அதற்குள் மாற்றிவிடலாம் என்று போனேன்.

"லென்ஸைக் கொண்டு வந்திருக்கீங்களாண்ணே?" என்று கேட்டார் கடைக்காரர். அந்த ஒரு கேள்வியில் விழுந்தேன். மற்ற கடைகளில் பெட்டியை மட்டும் அளந்தார்கள். இவர் லென்ஸை மூடியோடு படுக்க வைத்து, டேப் பிடித்து, இரண்டு பக்கமும் சாக்பீஸால் கோடு போட்டார். "கம்பெனி ஃபோம் கெட்டியா இருக்குண்ணே, அதையே வெட்டித் தச்சிடலாம். வெல்க்ரோவுக்கு நாலு பக்கமும் தையல்" என்றார். டீயும் வாங்கிக் கொடுத்தார். தொழில் தெரிந்த கை என்று நம்பி 4,800 ரூபாயையும் அங்கேயே அனுப்பிவிட்டேன். பில் கேட்டதற்கு, "நமக்குள்ள என்னண்ணே பில்லு?"

திரும்ப வாங்கும்போதே பெட்டிக்குள் செருப்பு ஒட்டுகிற சொல்யூஷன் வாடை. "ரெண்டு நாள்ல போயிரும்ணே." போகவில்லை. நேற்று ராத்திரி கழன்ற தடுப்பை பிளேடால் கீறிப் பார்த்தேன். கம்பெனி ஃபோம் இல்லை. இரண்டு விரலால் அமுக்கினால் விரலும் விரலும் தொட்டுக்கொள்கிற மெத்தை ஸ்பாஞ்ச். வெல்க்ரோவில் பெயருக்கு ஒரு தையல்கூடக் கிடையாது, முழுக்க சொல்யூஷன். முந்தின நாள் கார் டிக்கியில் ஏறிய சூட்டில் பசை இளகியிருக்கிறது. வெல்க்ரோ பெட்டியின் துணியைப் பிடித்தபடியே நிற்கிறது, தடுப்பு மட்டும் அதிலிருந்து உரிந்து வந்துவிட்டது. ஒன்றரைக் கிலோ லென்ஸை அது எங்கே தாங்கும்?

இன்று காலையிலிருந்து போன். முதலில் "தைக்கிற பையன் ஊருக்குப் போயிருக்கான்". அப்புறம் "வெயில்ல வச்சா எந்தப் பெட்டியும் அப்படித்தாண்ணே". என் பழைய ஃபோம் எங்கே என்றால் "வெட்டினதுல வேஸ்ட் ஆயிருச்சு". கடைசியாக வேறு யாரோ எடுத்து, "அவர் சாப்பிட்டுட்டு இருக்கார்" என்றார்கள். சாயங்காலம் நாலரை மணிக்கு என்ன சாப்பாடோ! அதன் பிறகு வாட்ஸ்அப்பில் அவர் படமே மறைந்துவிட்டது. அவர்கள் பக்கத்தில் கமெண்ட் போட்டேன், ஐந்து நிமிடத்தில் அழித்துவிட்டார்கள். 4,800 ரூபாய் போனது ஒரு பக்கம், நன்றாக இருந்த கம்பெனித் தடுப்புகளும் போய்விட்டன. எனக்கு அதுதான் இன்னும் வயிறு எரிகிறது.

பட்டியல் போடுகிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. மொத்த செட்டையும் கொடுக்காதீர்கள், ஒரே ஒரு தடுப்பைக் கொடுத்துப் பாருங்கள். வாங்கும்போது வெல்க்ரோ ஓரத்தை நகத்தால் நெம்புங்கள், நூல் தெரிய வேண்டும். சொல்யூஷன் வாடை அடித்தால் அங்கேயே திருப்பிக் கொடுங்கள். முழுப் பணத்தையும் முன்னாலேயே கொடுக்காதீர்கள். பில் வாங்குங்கள்.

நாளை மறுநாள் திருமங்கலத்தில் அடுத்த முகூர்த்தம். லென்ஸைத் தேங்காய்ப்பூத் துண்டில் சுற்றி வைத்திருக்கிறேன். ஃபிளாஷை நண்பனிடம் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.