சிபில் ஸ்கோரா, குழுக் கடனா?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைக்கு 1 லட்சம் வேணும். வங்கியில் தனிநபர் கடனா, மைக்ரோ பைனான்ஸ் குழுக் கடனா?

அளப்பது யார்: வங்கிக்கு சிபில் ஸ்கோர், அதாவது பழைய கடனைக் கட்டிய விதத்தை வைத்து 300 முதல் 900 வரை ஒரு எண், 750-ஐத் தாண்டினால் பேச்சு சுலபம். குழுவில் ஒருத்தர் கடனுக்கு மற்றவர்கள் பொறுப்பு, அதனால் அளப்பது பக்கத்து வீடு.

தவணை தவறினால்: வங்கியில் தாமதம் கடன் அறிக்கையில் ஏறும், தெருவுக்குத் தெரியாது. குழுவில் ஒருத்தர் விட்டதை மற்றவர்கள் போட்டுக் கட்டணும். கூட்டத்தில் எல்லார் முன்னாலும் பேச்சு வாங்கணும். அந்தத் தவறும் சிபிலுக்குப் போகும். ரெட்டை அடி.

பிழை திருத்தம்: இங்கேதான் எண் ஜெயிக்கிறது. சிபில் உள்ளிட்ட நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தரணும். முழுசாக அடைத்த கடன் ‘செட்டில்டு’ (குறைத்துக் கட்டி முடித்தது) என்று கிடந்தால், நிலுவையில்லாச் சான்றோடு புகார் போடுங்கள். 30 நாள் தாண்டினால் நாளுக்கு ₹100 இழப்பீடு. தெருவில் கெட்ட பெயருக்கு எங்கே மனு போடுவது?

தகுதி: குழுக் கடனுக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்கணும். அடமானம் கேட்கக்கூடாது.

வருமானத்துக்குக் காகிதம் இருப்பவர் வங்கிக்கே போகலாம். கடன் வரலாறே இல்லாதவருக்குக் குழு. கூட நிற்பவர்களை ஏஜென்ட் சேர்க்க விடாமல் நீங்களே பொறுக்குங்கள்.