அரிசிக்குச் சரி, மீனுக்கு? எங்கள் ஹோட்டலில் ஸ்டாக் சாப்ட்வேர்

கன்னியாகுமரியில் எங்கள் மீன் சாப்பாட்டுக் கடைக்கும் அதை ஒட்டிய சிப்ஸ் கடைக்கும் ஒரே ஸ்டாக் சாப்ட்வேர்தான். சில சபரிமலை சீசன்களைத் தாண்டிவிட்டது.

சிப்ஸ் கடைக்குக் குறையே இல்லை. பார்கோடு, பேட்ச், எக்ஸ்பயரி எல்லாம் ஒழுங்காக நிற்கிறது. கார்த்திகையில் சாமிமார் கூட்டம் இறங்கும்போது எண்ணெய் தீரப்போவதை முன்கூட்டியே சொல்லிவிடும்.

ஹோட்டலில்தான் பாடு. ரெசிபி ஏற்றிவிட்டால், சாப்பாட்டுக்குப் பில் போட்டதும் அதற்கான அரிசி, தேங்காய், மீன் இருப்பில் கழியும். அரிசிக்குக் கச்சிதம். தேங்காயை எண்ணி வாங்குகிறோம், அரைப்பதோ கிராமில். ஒரு காய்க்கு இத்தனை கிராம் துருவல் என்று போட்டால் ஓரளவு ஒத்துப்போகும். மீன் அப்படியில்லை. தலையும் குடலும் போனபின் நெய்மீனில் நிற்பதும் சாளையில் நிற்பதும் ஒன்றா? வாங்கிய எடையை அப்படியே ஏற்றினால் கம்ப்யூட்டரில் மீன் இருக்கும், ஐஸ் பெட்டியில் இருக்காது. பழி மாஸ்டர் தலையில் விழும். அதனால் வெட்டிக் கழுவியபின் நிறுத்த எடையை மட்டும் ஏற்றி, முழு பில் தொகையையும் அதன்மேல் வைக்கிறோம். அப்போதுதான் கிலோவுக்கு உண்மையில் என்ன அடக்கம் என்று தெரிகிறது. முதல் முறை பார்ப்பவருக்குத் தூக்கிவாரிப்போடும்.

அடுத்தது மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகளுக்குச் சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஜூன் முதல் பாதியில் இரண்டு பக்கமும் அடைப்பு. நாட்டுப்படகு மீன் வரும், விலை எட்டாது. சாப்ட்வேரோ பழைய சராசரியைப் பிடித்துக்கொண்டு லாபம் காட்டும். அந்த மாதங்களில் மீன் விலையைத் தினமும் கையால்தான் மாற்றுகிறோம்.

வரியிலும் ஒரு செட்டிங் பாருங்கள். 5 சதவீத ஜிஎஸ்டி கட்டும் ஹோட்டலுக்கு உள்ளீட்டு வரி வரவு, அதாவது சரக்கு வாங்கும்போது கொடுத்த வரியைக் கழித்துக்கொள்வது, கிடையாது. கொள்முதல் விலையை வரியோடு சேர்த்து எடுக்கச் சொல்லாவிட்டால் அடக்கவிலை குறைவாகத் தெரியும். இதை விற்க வந்தவர் சொல்லவில்லை, எங்கள் ஆடிட்டர்தான் சொன்னார்.

மளிகை, பேக்கரி வைத்திருப்பவர்கள் யோசிக்காமல் வாங்கலாம். ஹோட்டல்காரர்கள் டெமோவுக்கு வருபவரிடம் பிஸ்கட் பாக்கெட்டை நீட்டாதீர்கள். ஒரு கூடை சாளையைக் கொடுத்து ஏற்றச் சொல்லுங்கள்.