சொல்லிவிட்டு வருவதா, சொல்லாமல் வருவதா? சிறிய பராமரிப்பு இல்லங்களில் ஆய்வு

முதியோர், மாற்றுத்திறனாளிகள் என ஐந்தாறு பேர் மட்டும் தங்கியிருக்கும் பராமரிப்பு இல்லத்தை ஆய்வு செய்ய வருபவர் தேதி சொல்லிவிட்டு வரலாம். சொல்லாமல் வந்து கதவையும் தட்டலாம். திடீர் ஆய்வுதான் நேர்மையானது என்று பலர் யோசிக்காமலே சொல்லிவிடுவார்கள். பெரிய இல்லங்களுக்கு அது சரி. சிறிய இல்லத்தில் கணக்கு கொஞ்சம் மாறுகிறது.

தேதி தெரிந்துவிட்டால் கோப்புகள் அணிவகுத்து நிற்கும், தீயணைப்பானில் தூசு இருக்காது. இதைக் கேலி செய்வது எளிது. ஆனால், முதன்முதலாக உரிமம் தரும்போது பார்க்க வேண்டியவை பெரும்பாலும் கட்டடம் சார்ந்தவை. வெளியேற எத்தனை வழிகள், நடைவழியில் சக்கர நாற்காலி திரும்புமா, மாடி ஜன்னல் எவ்வளவு திறக்கிறது. ஒரே இரவில் சுவரை நகர்த்த யாராலும் முடியாது. மின் இணைப்புச் சான்றிதழும் காப்பீட்டுத் தாள்களும் வைத்திருக்கும் உரிமையாளர் நேரில் இருப்பதும் அவசியம். இந்த ஆய்வுக்குத் தேதி சொல்வதில் தவறே இல்லை.

உரிமம் கிடைத்த பிறகுதான் சிக்கல். வெந்நீரையே எடுத்துக்கொள்ளுங்கள். நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமி பெருகாமலிருக்கத் தொட்டியில் நீரை 60 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும். அதே நீர் அப்படியே குளியலறைக்கு வந்தால் முதியவரின் தோல் சில நொடிகளில் வெந்துவிடும். அதனால் பிரிட்டனில் இத்தகைய இல்லங்களின் குளியல் தொட்டிக் குழாய்க்கு 44 டிகிரிதான் உச்சவரம்பு. இடையில் தண்ணீரைக் கலந்து விடும் வால்வு ஒன்று இருக்கும். வால்வு பொருத்தியிருக்கிறதா என்பதை எந்த ஆய்வும் கண்டுபிடித்துவிடும். குளிப்பாட்டும் முன் பணியாளர் வெப்பமானியை நீரில் விட்டுப் பார்க்கிறாரா என்பது அப்படியல்ல. பதிவேட்டில் முப்பது நாளும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில் '41' என்று எழுதியிருந்தால், அது ஒரே உட்காரலில் எழுதியது என்று சந்தேகிக்கலாம். நாளை எழுதப்போகும் பக்கம் இன்னும் வெறுமையாக இருக்கும்போதே போய் நின்றால்தான் உண்மை தெரியும்.

தீத்தடுப்புக் கதவும் இப்படித்தான். அது தானாக மூடிக்கொள்ள வேண்டும்; நாற்காலி தள்ளுகிறவருக்கோ அது இடைஞ்சல். அடியில் ஒரு மர ஆப்பு செருகப்படும். ஆய்வு நாளன்று ஆப்பு இழுப்பறைக்குள் போய்விடும், தரையில் தேய்ந்த தடம் மட்டும் மிஞ்சும்.

அமெரிக்காவில் நர்சிங் ஹோம்களுக்கான (அங்கே இவை மருத்துவமனைகள் அல்ல, நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்கள்) வழக்கமான ஆய்வை முன்கூட்டியே கசியவிடுபவருக்கு அபராதமே உண்டு. இரண்டு ஆய்வுகளுக்கு இடையே 15 மாதங்களுக்கு மேல் போகவும் கூடாது. அங்கே சில ஆய்வுகள் மாலையிலும் வார இறுதியிலும் தொடங்குகின்றன. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. பகல் பதினொரு மணிக்கு எல்லா இல்லமும் நன்றாகத்தான் இருக்கும்.

இதையே சிறிய இல்லத்தில் அப்படியே செய்தால் என்ன ஆகும்? பணியில் இருப்பவர்கள் இரண்டே பேர். ஒருவர் ஆய்வாளரோடு கோப்புகளுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால், படுக்கையிலிருந்து இருவர் சேர்ந்து தூக்க வேண்டியவர் காத்துக்கிடப்பார். மறதி நோய் உள்ளவர் அறிமுகமில்லாத முகத்தைக் கண்டு பதறுவார். இளவயதினர் தங்கும் இல்லமானால் எல்லோரும் வெளியே போயிருக்க, பூட்டிய கதவுதான் வரவேற்கும். இங்கிலாந்தின் பராமரிப்புத் தர ஆணையம், வீட்டில் ஆள் இருப்பதை உறுதிசெய்யவே சில சிறிய இல்லங்களுக்குக் குறுகிய முன்னறிவிப்பு தந்திருக்கிறது.

இல்லமே நிரப்பி அனுப்பும் சுயமதிப்பீட்டுப் படிவமும் சில இடங்களில் உண்டு. நேரில் போகும்போது என்ன கேட்கலாம் என்று குறித்துக்கொள்ள அது உதவும், ஆய்வுக்கு மாற்றாகாது.

என்னைக் கேட்டால், உரிமத்துக்குத் தேதி சொல்லலாம். அதன்பின் சொல்லாமல்தான் போக வேண்டும். ஆள் இருக்க மாட்டார்கள் என்ற கவலை இருந்தால் முந்தின நாள் மாலை ஒரு தொலைபேசி அழைப்பு போதும். இரண்டு வாரத்துக்கு முன்னால் கடிதம் வேண்டாம். ஒரு நாளில் ஆப்பை ஒளித்துவிடலாம். ஆனால் இரவுப் பணியில் தனியாக இருப்பவரிடம், "இப்போது தீப்பிடித்தால் முதலில் யாருடைய அறைக்குப் போவீர்கள்?" என்று கேட்டால், அதற்கான பதிலை ஒரே நாளில் பழக்கிவிட முடியாது.