வீட்டு விளக்குகளை அளக்கும் சொருகு வாட்மீட்டர்: ஒரு மதிப்பீடு

கோலாலம்பூர் ஜாலான் பாசாரில் உள்ள மின்பொருள் கடையொன்றில் 50 வெள்ளிக்கும் குறைவான விலைக்கு இந்தச் சொருகு வாட்மீட்டரை வாங்கினேன். வீட்டு விளக்குகள் உண்மையில் எவ்வளவு மின்சாரம் இழுக்கின்றன என்று அறிய விரும்புவோர் தயங்காமல் வாங்கலாம். மூன்று முள் பிளக்கைச் சுவரில் செருகி, கருவியின் முகப்பில் விளக்கைச் செருகினால், மின்னழுத்தம், மின்னோட்டம், வாட், திறன் காரணி, ஓடிய நேரத்தில் சேர்ந்த கிலோவாட் மணி ஆகியவை திரையில் தெரிகின்றன. ஆயினும், ஒரு விளக்கு சிக்கனமானதா என்ற கேள்விக்கு இக்கருவி பாதி விடையைத்தான் தருகிறது.

அந்தப் பாதியை அது நன்றாகவே தருகிறது. பூஜை அறையில் பிளக் வைத்துப் பொருத்தியிருந்த பழைய குழல் விளக்கில் இதன் அருமை தெரிந்தது. குழாயில் 36 வாட் என்று அச்சிட்டிருந்தாலும், குழாயின் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் செம்புச் சுருள் சோக்குடன் எரியும்போது அத்தகைய விளக்கு ஏறத்தாழ 45 வாட் இழுக்கிறது. மிகுதி சோக்கிலேயே வெப்பமாகிப் போகிறது. நாளொன்றுக்கு 6 மணி நேரம் என்று 30 நாள் எரித்தால் 8.1 யூனிட், அதாவது கிலோவாட் மணி, ஆகும். அதே இடத்தில் 18 வாட் எல்இடி குழல் எரிந்தால் 3.24 யூனிட்தான். பெட்டியில் உள்ள எண்ணை நம்பிக் கணக்குப் போடுவோர் இந்தச் சோக்கின் செலவை ஒருபோதும் காண்பதில்லை.

திறன் காரணி என்ற எண்ணைக் கண்டு பலர் குழம்புவார்கள். வாட்டை, வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வரும் எண்ணால் வகுத்தால் கிடைப்பதே அது. மலிவான எல்இடி பல்பில் அது 0.5 அளவிலும் இருக்கக்கூடும். அப்படியானால் 9 வாட் பல்பு கம்பியில் 18 வோல்ட்-ஆம்பியர் சுமையாக அமைகிறது. எனினும் வீட்டுக் கட்டணம் கிலோவாட் மணியைக் கொண்டே கணக்கிடப்படுவதால், இதனால் பில் இரட்டிப்பாகிவிடாது. கூடுதல் மின்னோட்டத்தின் சுமை மின்வழங்கல் கம்பிகள்மீதே விழுகிறது. கருவியுடன் வந்த கையேட்டில் இதுபற்றி ஒரு வரிகூட இல்லை என்பது பெரிய குறை.

இன்னொரு குறை, சில வாட் மட்டுமே இழுக்கும் சிறு பல்புகளில் அளவீடு தடுமாறுகிறது. ஒரே வகைப் பல்புகள் பலவற்றை நீட்டிப்புப் பலகையில் ஒன்றாக எரியவிட்டு, மொத்தத்தைப் பல்புகளின் எண்ணிக்கையால் வகுத்தால் நம்பத்தகுந்த எண் கிடைக்கும். எல்இடி சூடேறச் சூடேற வாட்டும் ஒளியும் சற்றுக் குறையும் என்பதால், ஏற்றியவுடன் குறித்துக்கொள்ளாமல் எண் நிலைத்த பிறகு குறிப்பது நல்லது.

மற்றப் பாதி ஒளி. விளக்கு எல்லாத் திசைகளிலும் வெளியிடும் மொத்த ஒளியை லூமென் என்ற அலகால் குறிக்கிறார்கள். ஆய்வுக்கூடத்தில், உட்புறம் முழுவதும் வெண்பூச்சுப் பூசிய பெரிய கோளத்தின் நடுவில் விளக்கை வைத்து, அதன் சுவரில் சமமாகப் பரவும் ஒளியை உணரியால் அளந்து அந்த எண்ணைப் பெறுகிறார்கள். வெறும் கதிர்வீச்சு ஆற்றலை மட்டும் அளப்பதில்லை. மனிதக் கண் பகலொளியில் 555 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளியையே மிகுதியாக உணர்வதால், ஒவ்வொரு நிறத்துக்கும் கண்ணின் உணர்வுக்கேற்ற எடை தரப்படுகிறது. அந்தப் பச்சையில் ஒரு வாட் கதிர்வீச்சு 683 லூமெனுக்குச் சமம். லூமெனை விளக்கு இழுக்கும் வாட்டால் வகுத்து வருவதே விளக்கின் ஒளித்திறன்: 60 வாட் இழைப் பல்பு சுமார் 700 லூமென் தந்தால், வாட்டுக்கு 12 லூமெனுக்கும் குறைவு; 806 லூமென் தரும் 9 வாட் எல்இடி பல்பு வாட்டுக்கு ஏறத்தாழ 90 லூமென் தருகிறது.

கைப்பேசிச் செயலி காட்டும் லக்ஸ் இதற்கு மாற்றாகாது. லக்ஸ் என்பது ஒரு பரப்பின்மேல் சதுர மீட்டருக்கு விழும் லூமென். ஒளியைக் கீழ்நோக்கிக் குவிக்கும் பல்பு மேசையில் அதிக லக்ஸ் காட்டிவிட்டு, மொத்த லூமெனில் பின்தங்கியிருக்கலாம். ஆகவே பெட்டியில் அச்சிட்ட லூமெனை எடுத்து, இந்த மீட்டர் காட்டும் வாட்டால் வகுப்பதே வீட்டில் செய்யக்கூடிய நேர்மையான கணக்கு. லூமென் அச்சிடாத பல்பை நான் வாங்குவதில்லை. லூமெனுடன், பொருள்களின் நிறத்தை எவ்வளவு உள்ளபடி காட்டும் என்பதைக் குறிக்கும் நிறக்காட்டும் எண்ணையும் பார்க்க வேண்டும். துணியின் நிறத்தை உள்ளபடி காட்டும் பல்புகளில் வாட்டுக்கான லூமென் பொதுவாகச் சற்றுக் குறைவாகவே இருக்கும், அதைக் குறையாகக் கொள்ளக் கூடாது.

சங்க மண்டபத்துக்கோ கடைக்கோ இதை வாங்க எண்ணுவோர் வேண்டாம் என்பேன். அங்கே விளக்குகள் கூரையோடு நேரடிக் கம்பியில் இணைந்திருப்பதால் செருக இடமே இராது. உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைத்து விளக்குச் சுற்றை அளக்கச் சொல்லி, மொத்த வாட்டைத் தரைப்பரப்பின் சதுர மீட்டரால் வகுத்துப் பார்க்க வேண்டும். எம்எஸ் 1525 என்ற மலேசியாவின் ஆற்றல் சிக்கன நெறிமுறை குடியிருப்பல்லாத கட்டடங்களின் விளக்குகளுக்குத் தரும் உச்ச வரம்பும் அந்த அலகில்தான் இருக்கிறது.