ஹில்குரோவ்: மலை ரயில் தண்ணீர் பிடிக்கும் ஸ்டேஷன்

நீலகிரி மலை ரயிலில் எல்லோரும் படம் எடுப்பது ஊட்டியிலும் லவ்டேலிலும். நின்று நிதானமாகப் பார்க்க வேண்டிய ஸ்டேஷன் ஹில்குரோவ்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து சுமார் 18 கிலோமீட்டர், சுற்றிலும் காடு. 1899-இல் குன்னூர் வரை திறந்த பாதை இது. இன்றும் ரயில் இங்கே நிற்பது நீராவி என்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்கத்தான்.

குன்னூர்–ஊட்டி டிக்கெட் எடுத்தால் ஹில்குரோவ் வராது, அது குன்னூருக்குக் கீழே இருக்கிறது. அந்தப் பகுதியில் ஓடுவது டீசல் என்ஜின், பல்சக்கரமும் கிடையாது. ஏற்றத்தில் என்ஜினின் பல்சக்கரம் பற்றிக்கொள்ளும் பல்தண்டவாளம், கல்லாறு ஸ்டேஷன் தாண்டித் தொடங்கிக் குன்னூரோடு முடிகிறது. காலை 7.10-க்கு மேட்டுப்பாளையத்தில் கிளம்பும் வண்டியில்தான் ஏற வேண்டும்.

வண்டி நிற்பது பத்து நிமிடம் போல, அதை வீணாக்கக் கூடாது. ஏற்றத்தில் என்ஜின் பின்னாலிருந்து தள்ளுகிறது. முதல் வகுப்போ மறுகோடியில். கூடுதல் காசு கொடுத்து முன்காட்சி வாங்கியவர்கள்தான் என்ஜினைப் பார்க்க முழு ரயிலையும் கடந்து நடக்க வேண்டும். பெட்டிகளில் கழிவறை இல்லாததால் இறங்கியதும் பாதிக் கூட்டம் ஸ்டேஷன் கழிவறைப் பக்கம் ஓடும். அவசரம் இல்லையென்றால் முதலில் என்ஜினுக்குப் போங்கள்.

பக்கத்துக்கு இரண்டாக, ஒன்றன்மேல் ஒன்றாக, மொத்தம் நான்கு சிலிண்டர்கள். ஒரு ஜோடி சாதாரணச் சக்கரங்களைச் சுழற்றும். அங்கே வேலை முடித்து வரும் நீராவி வெளியே போகாமல் அடுத்த ஜோடிக்குப் போய்ப் பல்சக்கரத்தைச் சுழற்றும். தண்டவாளத்தின் நடுவில் அருகருகே இரண்டு பல்சட்டங்கள் தெரியும். ஒன்றில் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம். அதனால் எந்த நொடியிலும் ஒரு பல்லாவது பிடியில் இருக்கும். 12 அடி போனால் ஓரடி உயரும் ஏற்றத்தில் இந்தப் பிடிதான் வண்டியைக் காக்கிறது. சட்டங்கள் தண்டவாளத்தைவிடச் சற்று உயரம், கிரீஸ் வேறு அப்பியிருக்கும். படத்துக்காக உள்ளே இறங்கினால் கால் தட்டும், கறை ஊட்டி வரை கூடவே வரும். பிளாட்பாரத்திலிருந்தே நன்றாகத் தெரிகிறது, அதுவே போதும்.

இந்த ஸ்டேஷனின் பெரிய குறை குரங்குகள். பிஸ்கட் பாக்கெட்டின் சரசரப்பு கேட்டாலே வந்துவிடும். ஜன்னலைச் சாத்தாமல், சீட்டில் பையை வைத்துவிட்டு இறங்காதீர்கள். பிள்ளைகள் கையில் தின்பண்டம் கொடுத்து அனுப்பவும் வேண்டாம். பிடுங்கினால் விட்டுவிடுங்கள், இழுத்தால் கீறும்.

விசிலுக்காகக் காத்திருக்க வேண்டாம். பின்னாலிருந்து தள்ளும் டிரைவருக்கு முன்பாதை தெரியாது. அதனால் ஒவ்வொரு பெட்டியிலும் நிற்கும் பிரேக்ஸ்மேன்கள் முன்னிருந்து பின்னாகக் கொடி காட்டுவார்கள். பச்சைக்கொடி வரிசையாக என்ஜின் பக்கம் வர ஆரம்பித்தால் ஏறிவிடுங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மட்டும் யோசித்து டிக்கெட் எடுங்கள். வடகிழக்குப் பருவமழையில் மண்சரிந்து, கல்லாறு–குன்னூர் பாதை நாள்கணக்கில் மூடப்படுவதுண்டு.